காதுக்குப் போன சரிகை

“…வயருன்னு பேரு வச்சிருக்கான், பிரிச்சுப் பார்த்தா உள்ளே நூலுல்ல இருக்குது. கம்பியை எவன் எடுத்துக்கிட்டான்?” என்று சின்னம்மா யாரையும் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அப்போதுதான் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினேன். மலாக்காவில், காஜா பேராங் வட்டாரத்தில் நாங்கள் இருந்த பலகை வீட்டின் முன்னறை அது. தையல் மெஷின் மேல் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, தன் காது மெஷினின் வயரைப் பயற்றங்காய் உரிப்பதுபோலப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் போட்டிருந்தார். பழுப்பு ரப்பர்த் தோல் இரண்டு பக்கமும் சுருண்டு கிடந்தது. நடுவில் இருந்ததை ஊசி முனையால் தூக்கிக் காட்டினார். நூல்தான். “நூலைக் குடுத்துட்டு வெள்ளியா காசு வாங்கியிருக்கான் பாரு” என்று சொல்லி, அதைத் துணியோடு சுருட்டி ஓரமாக வைத்துவிட்டார்.

இந்தக் காட்சி நேற்றுத் திடீரென்று கண் முன்னால் வந்தது. என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். எந்நேரமும் இரண்டு காதிலும் சின்னச் சின்னக் குமிழ்களைச் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்பவள். ஒரு காதில் சத்தம் விட்டுவிட்டு வருகிறது என்று புது வயர் ஒன்றைத் தபாலில் வரவழைத்திருந்தாள். என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பழைய வயரைக் குமிழிலிருந்து இழுத்தெடுத்தாள், புதியதன் முள்ளை அதே ஓட்டையில் அழுத்தினாள், காதில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள். நான் ஊற்றி வைத்த தேநீர் இன்னும் ஆறவில்லை. பழைய வயரை எனக்குத் தரச் சொல்லிக் கத்தரிக்கோலால் நறுக்கிப் பிரித்தேன். மயிர் போன்ற செம்பிழைகளுக்கு நடுவே ஒரு நூல் ஓடியது. “உள்ளே எதுக்கு நூலு?” என்று கேட்டேன். “வளைஞ்சு வளைஞ்சு ஒடியாம இருக்கத்தான் லா ஆண்ட்டி. கம்பி மட்டும்னா சீக்கிரம் அத்துப் போயிரும்” என்றாள், இது ஒரு விஷயமா என்பதுபோல. அவளுக்கு ஒரு வாக்கியத்தில் தெரிந்ததைத் தெரிந்துகொள்ள எங்கள் வீட்டில் ஒரு கூறைப் புடவை செலவானது. அதைச் சொன்னதும் குமிழ்களைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. நான் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். படிப்பு நின்று, ஜாலான் பெண்டஹாரா சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்ததும், சின்னம்மா வீட்டில்தான் தங்கினேன். அவர் வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். கல்யாணமாகித் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த சில வருடங்களில் டைபாய்டு காய்ச்சல் வந்து காது போய்விட்டது. முழுச் செவிடு இல்லை, பக்கத்தில் வந்து கத்தினால் கேட்கும். ஆனால் யாரையும் கத்தவிட மாட்டார். “கத்துனா வார்த்தை கிழிஞ்சிரும், வாயை மட்டும் அசை” என்பார். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். தமிழ் மட்டுமல்ல, மலாயும் அப்படித்தான் கற்றுக்கொண்டார், காது போன பிறகு. பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டிச் சமூகத்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். மாக்சிக், மலாயில் அத்தை, என்று கூப்பிடுவோம். நாங்கள் கும்பிடும் சாமியைத்தான் அவரும் கும்பிடுவார், ஆனால் தமிழ் தெரியாது, வீட்டுப் பேச்சு மலாய். வேலிக்கு இந்தப் பக்கம் சின்னம்மா, அந்தப் பக்கம் மாக்சிக். வெற்றிலை மென்றுகொண்டே இருபது வருடம் பேசியிருக்கிறார்கள். “உதட்டைப் பாத்தே கத்துக்கிட்டதால என் மலாய்க்கு வெத்தலைக் காவி ஒட்டியிருக்கும்” என்று சின்னம்மா சொல்வார்.

காது மெஷினை வாங்கி அனுப்பியது மூத்த மகன். ஜொகூரில் ஓர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை, பக்கத்தில்தானே என்று சிங்கப்பூருக்குப் போய் வாங்கினார். இப்போதுபோல் காதுக்குள் ஒளிந்துகொள்ளும் சாமான் இல்லை. சிகரெட் டப்பா அளவில் ஒரு பெட்டி. அதைத் துணிப் பையில் போட்டு ரவிக்கையோடு ஊக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து ஒரு வயர் கழுத்துப் பக்கமாக ஏறிக் காதுக் குமிழில் முடியும். முதல் நாள் அதை மாட்டியதும் சின்னம்மா உட்கார்ந்து வழக்கம்போலத் தைக்கத் தொடங்கினார். இரண்டு சுற்று மிதித்ததும் காலை எடுத்துவிட்டார். “இத்தனை வருசமா இந்த மெஷினு இப்படியா கத்திக்கிட்டிருந்துச்சு? அக்கம்பக்கத்துல யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே” என்றார். அன்று மாலையே மெஷினுக்கு எண்ணெய் போட்டார். மாக்சிக்கிடம் போய் மன்னிப்பும் கேட்டார்.

சின்னப்பாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டவுன் போர்டில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை. மலாக்காவின் பாதித் தெருக்களுக்கு அடியில் தன் வியர்வை ஓடுவதாகச் சொல்வார். ஆனால் ‘ஊர்’ என்று அவர் சொன்னால் அது மலாக்கா இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி எப்போதும் பூட்டியே இருக்கும், ஊருக்குப் போகும்போது எடுத்துப் போக. அதில் வேட்டிகளை அடுக்கி அடுக்கி வைப்பார். பூச்சி அரித்தவற்றை எடுத்துவிட்டுப் புதிதாக அடுக்குவார்.

நாடு சுதந்திரம் பெற்ற பிறகு வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு. இங்கே பிறக்காதவர்கள் விண்ணப்பம் போட்டுக் குடியுரிமை வாங்கலாம், அதிகாரி கூப்பிட்டு மலாயில் நாலு கேள்வி கேட்பார், பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். போடலாமா, போட்டால் ஊரில் இருக்கும் அரைக்காணி நிலம் போய்விடுமா, போடாவிட்டால் இங்கே இருந்து அனுப்பிவிடுவார்களா என்று தேநீர்க் கடைகளில் ஆளுக்கொரு சட்டம் பேசினார்கள். சின்னப்பா எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று இருந்தார். சின்னம்மா அவரைக் கேட்காமலே போட்டுவிட்டார். வீட்டில் ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு சின்னப்பா கேட்டார்: “அப்படி என்ன அவசரம் உனக்கு? யாராச்சும் உன்னைப் போகச் சொன்னானா?” சின்னம்மா ரவிக்கைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார்: “நான் பெத்தது மூணும் இந்த வீட்டு ஆளுங்க. நான் மட்டும் விருந்தாளியா இருந்தா எப்படி? விருந்தாளின்னா எவ்வளவு நல்லா கவனிச்சாலும் ஒருநாள் எந்திரிச்சுப் போயி ஆகணும்ல.”

நேர்காணலுக்கு வரச் சொல்லி ஆபீஸிலிருந்து ஆள் வந்த அதே வாரத்தில்தான் வயர் செத்துப்போனது. அடுத்த செவ்வாய்க்கிழமை நேர்காணல். வயர் சாவதற்கு முந்தின நாள்வரை தலையை ஒரு பக்கம் சாய்த்தால் கேட்கும், நேராக நிமிர்ந்தால் கேட்காது என்று இருந்தது, பிறகு எப்படிச் சாய்த்தாலும் கேட்கவில்லை. வீட்டில் எங்கள் உதடுகள் அவருக்குப் பழக்கம். முன்பின் தெரியாத அதிகாரியின் உதடு எப்படி இருக்குமோ. தெருக்கோடியில் இருந்த தையல்காரர் ஏற்கெனவே போய் வந்தவர், அவர் சொன்ன முதல் அடையாளமே பெரிய மீசை. “உதட்டுக்குக் கூரை போட்டு வச்சிருக்கார்” என்றார். துணைக்கு ஆள் உள்ளே போகக்கூடாதாம். அதிகாரி கேட்பது காதில் விழாமல் சின்னம்மா விழித்துக்கொண்டு நின்றால், மலாய் தெரியவில்லை என்றுதான் எழுதுவார்கள். இருபது வருடம் வேலியோரம் நின்று கற்ற மொழி வயர் அறுந்ததால் இல்லாமல் போய்விடும்.

கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்க்கும் கடையின் சீன முதலாளி, தவ்க்கேயிடம் மெஷினைக் கொண்டுபோனேன். நல்ல மனுஷர். பெட்டியையும் குமிழையும் சோதித்து இரண்டும் நன்றாக இருக்கின்றன, வயர் மட்டும்தான் போச்சு என்றார். ஆனால் இந்த வயரைப் பற்றவைக்க முடியாது, சூடு பட்டால் உள்ளே இருப்பது கருகிவிடும், சிங்கப்பூரிலிருந்துதான் புதிது வரவேண்டும், ஒரு மாதமாவது ஆகும் என்றார். வீட்டில் வந்து சொன்னேன். சின்னப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “காதே வேணாம்னு சொல்லுது. கேக்க மாட்டேங்குறா” என்றார். அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னம்மா, “என் காது சொன்னது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?” என்று திருப்பிக் கேட்டார்.

அன்றே தானே வயர் மாற்றுவது என்று முடிவு செய்தார். முதலில் சொன்ன காட்சி, பழைய வயரைக் கீறிப் பார்த்தது, அதற்கு மறுநாள். மெர்டேக்கா, சுதந்திரக் கொண்டாட்டத்தின்போது எங்கள் சாலையில் வண்ண பல்புகள் கட்டினார்களே, அதில் மிஞ்சிய வயர் ஒரு சுருள் எங்கள் வீட்டில் கிடந்தது. அதில் வேண்டிய நீளத்தை வெட்டினார். பழைய வயரின் இரண்டு முனையிலும் இருந்த முட்களை ரப்பரிலிருந்து பிளேடால் கீறி எடுத்தார். ரவிக்கைக் கொக்கி தைக்கும் அதே கவனத்தோடு ஒவ்வொரு முள்ளின் அடியிலும் கம்பியைச் சுற்றி இறுக்கினார். பெட்டியில் செருகிக் காதில் வைத்தார். கேட்டது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஆனால் சின்னம்மாவின் முகம் கோணியது. தலையைத் திருப்பினார், வயர் திரும்பவில்லை, குமிழ் காதைவிட்டுக் குதித்துவிட்டது. மறுபடி வைத்து மெதுவாகத் திரும்பினார். புடவைத் தலைப்பு வயரில் உரசியதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். “யாரோ கூரைத் தகரத்தைக் கழட்டித் தரையில இழுத்துக்கிட்டுப் போறான்” என்றார். மூச்சு விட்டால்கூடப் பெட்டி அசைந்து, வயர் அசைந்து, அந்த அசைவே சத்தமாக ஏறியதாம். எனக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. கேட்பதற்காக மாட்டிய வயர் தன்னைத்தானே பேசிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஓரத்தில் சுருட்டி வைத்த பழைய வயரை நான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது ஏன் உரசினால் கத்தவில்லை, ஏன் கழுத்தோடு துணிபோல வளைந்து கிடந்தது? ஜன்னலோரம் கொண்டுபோய் ஒரு இழையை நகத்தால் நீவினேன். நகத்தில் ஏதோ மினுங்கியது. கடையில் நாள் முழுதும் புடவை விரித்துக் காட்டுபவளுக்கு அந்த மினுக்கம் தெரியாமல் போகுமா? நூலைச் சுற்றி, மிக மெல்லிய உலோக நாடா ஒன்று நெருக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. “சின்னம்மா, இது சரிகை” என்றேன். அவர் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு முனையைத் தீக்குச்சியில் காட்டினார். நூல் கருகி உதிர, நாடா மட்டும் சுருள் சுருளாக நின்றது. பழைய பட்டுப் புடவை வாங்குகிறவர்கள் வெள்ளிச் சரிகையா என்று பார்க்கச் செய்யும் அதே சோதனை. “அடப் பாவி, சரிகையை ரப்பருக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான்” என்றார். நூலைத் திட்டியதற்கு அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் கண்ணில் வேறு ஏதோ ஓடியது.

சின்னப்பாவின் டார்ச் லைட்டைக் கழற்றினோம். பாட்டரிக்கும் பல்புக்கும் நடுவில் ஒரு சரிகை இழையை வைத்துப் பார்ப்பது சின்னம்மாவின் யோசனை. முதலில் கடையிலிருந்து நான் வாங்கி வந்திருந்த மலிவுப் புடவையின் கரையில் ஒரு இழையை உருவினோம். பல்பு மங்கலாக எரிந்தது. இழையை வளைத்ததும் கண் சிமிட்டியது. அதன் நாடா இடைவெளி விட்டுவிட்டுச் சுற்றியிருந்தது, வளைந்தால் ஒன்றையொன்று தொடவில்லை. “இது சிக்கனச் சரிகை. பாதி வார்த்தையை முழுங்கிரும்” என்று தள்ளிவிட்டார். பிறகு எழுந்து உள்ளே போய் அலமாரியைத் திறந்தார்.

கொண்டுவந்தது கூறைப் புடவை. அரக்கு நிறம், உள்ளங்கை அகலக் கரை. சின்னப்பா இங்கே தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தோடு ஊருக்குப் போய், கும்பகோணத்தில் வாங்கித் தாலி கட்டிய புடவை. கப்பலில் வரும்போது சின்னம்மா அதைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் படுத்தாராம், யாராவது உருவிவிடுவார்கள் என்று. கரையின் ஒரு மூலையில் இழையை உருவிப் பல்புக்கு வைத்தார். பல்பு எரிந்தது. வளைத்தார், முறுக்கினார், விரலில் சுற்றினார். சிமிட்டவே இல்லை. நான் அவர் கையைப் பிடித்தேன். “கூறைப் புடவையை வெட்டுவாங்களா சின்னம்மா? வேற எங்கேயாவது பழைய பட்டு கேட்டுப் பாக்கலாம்.” கத்தரிக்கோல் எடுத்த கையை அவர் விலக்கிக்கொண்டார். “அடுத்தவ கட்டுன புடவையை எடுத்து நான் காதுல மாட்டவா? இதுக்கு மட்டும்தான் என்கிட்ட எதையும் மறைக்கத் தெரியாது.” சொல்லிவிட்டு, முந்தானைப் பக்கத்துக் கரையை ஒன்றரை முழ நீளத்துக்கு வெட்டினார். கத்தரி பட்டில் போகும்போது வரும் அந்தக் கறகற ஒலி அவருக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

கரையிலிருந்து இழை இழையாகச் சரிகையைப் பிரித்தோம். கறுத்திருந்ததை விபூதி தொட்டுத் தேய்த்தோம், வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்ப்பது போல. இழைகளை ஒன்று சேர்த்து இரண்டு கற்றை, மின்சாரம் போக ஒன்று வர ஒன்று. முதல் முறை இரண்டு கற்றையையும் அப்படியே சேர்த்துப் பின்னி மாட்டினோம். பெட்டி வாயே திறக்கவில்லை. “ரெண்டும் ஒட்டிக்கிட்டா குடும்பம் நடக்குமா? நடுவுல ஒரு மறைப்பு வேணும்” என்றார் சின்னம்மா. ரவிக்கைக்கு உள்துணி வைக்கும் மெல்லிய துணியில் இரண்டு குழல் தைத்தார், விரல் நுழையாத அளவுக்கு. ஊக்கில் கட்டி ஒவ்வொரு கற்றையையும் ஒரு குழலுக்குள் இழுத்து, வியர்வை இறங்காமல் இருக்க மேலே மெழுகுவர்த்தியைத் தேய்த்தார்.

இனி இரண்டையும் ஒன்றாக முறுக்க வேண்டும். அதற்கு ஒரு முனையை ஒருவர் இறுகப் பிடிக்க வேண்டும். நான் அடுப்பில் இருந்த சோற்றைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சின்னப்பா வாசற்படியில் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பசாரிலிருந்து கையில் மீனோடு வந்திருந்தார். விரித்துக் கிடந்த புடவையில் ஒரு பக்கம் கரை இல்லாமல் இருந்ததைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சத்தம் போடப் போகிறார் என்று நான் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டேன். சின்னம்மா நிமிர்ந்து பார்த்து, வயரின் ஒரு முனையை அவர் பக்கம் நீட்டினார். “பிடிங்க. மீனை வச்சிட்டுக் கையைக் கழுவிட்டுப் பிடிங்க.” சின்னப்பா மீனை என்னிடம் கொடுத்தார், கையைக் கழுவினார், வேட்டியில் துடைத்தார், வந்து பிடித்தார். அறையின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் இவர், நடுவில் வயர் முறுக்கிக்கொண்டே வந்தது. “ஒண்ணு சொல்லிடுறேன். நான் எதுக்கும் கையெழுத்துப் போடலை. நூலை மட்டும்தான் பிடிக்கிறேன்” என்றார் சின்னப்பா. “தளர விடாதீங்க” என்றார் சின்னம்மா. அவ்வளவுதான் பேச்சு.

முட்களைச் சுற்றிக் கட்டி, முனையில் அரக்கை உருக்கி விட்டு, பெட்டியில் செருகிக் காதில் வைத்தார். நான் தலைப்பை எடுத்து வேண்டுமென்றே வயர்மேல் உரசினேன். “கேக்குதா?” என்று வாயை அசைத்தேன். “துணியும் துணியும் உரசுனா என்ன சண்டையா போட்டுக்கும்? அமைதியா இருக்குது” என்றார். பிறகு கழுத்தைத் திருப்பினார். வயர் கழுத்தோடு சேர்ந்து திரும்பியது. அன்று மாலை முழுவதும் எங்களை ஒன்றும் பேசவிடாமல், வேலியோரம் போய் நின்று, மாக்சிக் வீட்டுக் கோழிகள் மண்ணைக் கிளறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை கடையில் அரைநாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு நானும் போனேன். சின்னப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, நாங்கள் சாலையில் திரும்பும்போது பின்னாலேயே சைக்கிளில் வந்தார். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய அரசாங்கக் கட்டடம். அறைக்கு இடுப்பளவு கதவு, வெளியே பெஞ்சு. அங்கிருந்தே உள்ளே நடப்பது தெரியும். மீசை பற்றித் தையல்காரர் சொன்னது கொஞ்சம்கூட மிகையில்லை. அதிகாரி முதல் கேள்வி கேட்டார். சின்னம்மா பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்டார். சின்னம்மா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். வயர் போய்விட்டது, வழியில் வேர்த்த வேர்வையில் மெழுகு விட்டுவிட்டது என்றே நினைத்தேன். சின்னம்மா மலாயில் மெதுவாகச் சொன்னார்: “துவான், கோபிச்சுக்கக் கூடாது. அந்தக் காத்தாடியை நிறுத்த முடியுமா? அது உங்க குரல் மேல உக்காந்திருக்கு.”

அதிகாரி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். எழுந்து போய் நிறுத்தினார். திரும்பி வரும்போதுதான் அவர் கண்ணில் அது பட்டிருக்க வேண்டும். கழுத்துப் பக்கம் குழல் துணி கொஞ்சம் விலகி, சரிகை ஜன்னல் வெயிலில் பளபளத்தது. பெயரை மறுபடி கேட்டு எழுதிக்கொண்டு, நகை என்று நினைத்தாரோ என்னவோ, இது என்ன என்று கேட்டார். சின்னம்மா சொல்லத் தொடங்கினார். எப்படி வயர் செத்தது, எப்படி அதைக் கீறிப் பார்த்தார், பல்பு வயர் எப்படிக் கூரைத் தகரம்போலக் கத்தியது, நூலுக்குள் என்ன இருந்தது, எப்படி இரண்டு கற்றையாக்கி நடுவில் மறைப்பு வைத்தார். எல்லாம் மாக்சிக்கின் மலாயில், வெற்றிலை மெல்லும் அந்த இழுப்போடு. அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். சரிகைக்கு மலாயில் சொல் வராமல் சின்னம்மா தடுமாறியபோது அவரே எடுத்துக் கொடுத்தார்: பெனாங் எமாஸ், தங்க நூல். தன் கல்யாணத்துக்கு இடுப்பில் கட்டிய சொங்கேட் துணியிலும் அதுதான் என்றார். அதில் மின்சாரம் ஓடுமா என்று கேட்டார். “வீட்டுல டார்ச் லைட் இருந்தா பாருங்க. ஆனா வெட்டுறதுக்கு முன்னால உங்க சம்சாரத்துக்கிட்டக் கேட்டுக்குங்க” என்றார் சின்னம்மா. உள்ளே இருந்த கிராணி சிரித்துவிட்டார். அதிகாரியின் மீசையும் அசைந்தது. தாளில் இருந்த மற்றக் கேள்விகளை அவர் பார்த்தார், கிராணியைப் பார்த்தார், எதையும் கேட்காமலே பேனாவை எடுத்து எழுதினார். பிறகு சின்னம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி, குடியுரிமை உறுதிமொழியைத் துண்டு துண்டாகச் சொன்னார். சின்னம்மா ஒவ்வொரு துண்டையும் காதால் வாங்கித் திருப்பிச் சொன்னார். ஒருமுறைகூட அவர் உதட்டைப் பார்க்கவில்லை.

மாடி வீட்டுப் பெண் இந்த இடத்தில் தன் குமிழ்களைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே, “எவ்வளவு நாள் உழைச்சுச்சு அந்த வயர்?” என்று கேட்டாள். சிங்கப்பூரிலிருந்து புது வயர் வந்த பிறகும் சின்னம்மா அதைத்தான் மாட்டினார் என்று சொன்னேன். இன்றைக்கு எல்லாம் வாங்கிச் செருகுவதுதான், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. செருகினால் கேட்கிறது, அதுதானே வேண்டும். ஆனாலும் எந்தப் பொருளையும் உள்ளே என்ன இருக்கிறது என்று கீறிப் பார்க்கும் ஆசை எனக்கு அந்த வாரத்தில்தான் தொற்றியது. அதற்குப் பிறகு இரண்டு கடிகாரத்தையும் ஒரு இஸ்திரிப் பெட்டியையும் கெடுத்திருக்கிறேன். அவள் சிரித்தாள். “அப்புறம் உங்க சின்னப்பா?” என்றாள்.

சின்னப்பா வெளியே, மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாங்கள் படியிறங்கி வந்ததும் முகத்தை ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டார். கிடைத்துவிட்டது என்று நான்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். சைக்கிள் மணியை விரலால் துடைத்தார். “அப்ப இனிமே நான்தான் உங்க வீட்டுல விருந்தாளி” என்றார். கேலியாகச் சொல்லப் பார்த்தார், குரல் ஒத்துழைக்கவில்லை. சின்னம்மாவுக்கு அந்தக் குரல் முழுசாகக் கேட்டது என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். சுற்றிலும் விண்ணப்பக்காரர்கள், ரிக்‌ஷாக்காரர்கள், வருவோர் போவோர். புருஷனை நாலு பேர் முன்னால் தொட்டுப் பேசிய காலமில்லை அது. “என்ன கேட்டான் அந்த ஆளு? ரொம்பக் கஷ்டமா?” என்று சின்னப்பா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். சின்னம்மா தன் காதிலிருந்து குமிழைக் கழற்றினார், முந்தானையில் துடைத்தார், எட்டி அவர் காதில் வைத்து அழுத்தினார். வயர் குட்டை, அதனால் சின்னப்பா குனிந்து, பக்கத்தில் வந்து நிற்க வேண்டியிருந்தது. சின்னம்மா தலையைத் தாழ்த்தித் தன் நெஞ்சில் இருந்த பெட்டியின் மேல் வாயை வைத்து, அதிகாரியின் குரலிலேயே மலாயில் முதல் கேள்வியைக் கேட்டார்: “சியாப்பா நாமா? உங்க பேரு என்ன?”